உப்பு கடைசியில்தான் உறையும்

1. பிளந்த பார்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பும் முதல் வாரம் ஐஸ் கம்பெனியில் கல்யாண வீட்டு அமளி. அப்படி ஒரு வாரத்தின் மத்தியானத்தில், கிள்ளைக்குப் பக்கத்தில் நான் போர்மேனாக இருந்த கம்பெனியில், கேனிலிருந்து சரிந்து வந்த ஐஸ் பார் ஒன்று மேடையில் தட்டியதும் இரண்டாகப் பிளந்தது. நல்ல ஐஸ் பார் அப்படிப் பிளக்காது. குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, மணிக்கட்டு கனத்துக்கு. கோட்டுக்குள் ஒரு பொந்து, பொந்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஐஸ் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கூடத்தின் தரை முழுக்க மரப்பலகை. பலகைக்குக் கீழே பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதைப் பிரைன் என்போம். அமோனியா கம்ப்ரஸர் அதை உறைநிலைக்கும் கீழே குளிரவைக்கும். உப்பு இருப்பதால் பிரைன் உறையாது. அதற்குள் வரிசையாகத் தகரக் கேன்களை இறக்கி, கேனுக்குள் நல்ல தண்ணீரை நிரப்பினால், அது ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உறைந்து பாராகிவிடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே காலடியில் பனி வளர்ந்துகொண்டிருக்கும். பலகையைத் தூக்கினால் புகை மாதிரி குளிர் எழும்பி வரும். கம்ப்ரஸர் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும். நின்றபடியே கனவு காணலாம். நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

மீனவர் வீட்டில் பிறந்தும் நான் கடலுக்குப் போகவில்லை. படகில் ஏறினால் வாந்தி. ஊரே சிரித்தது. அதனால்தான் சின்ன வயதிலேயே கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கடலை விட்டுத் தப்பித்துவிட்டதாக நினைப்பு.

"கேன் ஓட்டையா இருக்கும்ணே. பிரைன் உள்ள பூந்திருக்கும்," என்றான் கேன்களைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டை ஓட்டுகிற கோவிந்தன்.

இந்தத் தொழிலில் எவனாக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேனைக் கழற்றி, தலைகீழாக வெயிலில் பிடித்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தோம். ஊசி முனை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அடுத்த நாளும் பார்கள் பிளந்தன. இருக்கிற கேன் அத்தனையையும் கழற்றிப் பார்த்தோம். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் வெல்டிங் வைத்தோம். வெல்டிங்காரர், "நல்லா இருக்கிற தகரத்த ஏன்யா சுட சொல்ற?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் கோவிந்தன்தான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தபடி இருந்தான். "அண்ணே, டீ கரிக்குதுண்ணே." டீக்கு வைத்ததும் கேனில் நிரப்பியதும் ஒரே போர் தண்ணீர். நாங்கள் மேலே ஓட்டை தேடிக்கொண்டிருந்தோம். உப்பு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

2. ஒயர் இறக்கிய அம்மா

முதலாளி சிதம்பரத்துக்காரர். அவர் சொல்லித்தான் நிலத்தடி நீரைச் சோதிக்கும் ஒரு அம்மா கடலூரிலிருந்து வந்தார். என் மகள் வயதிருக்கும். நீளமான ஒயரின் நுனியில் உப்பை அளக்கும் மீட்டரைக் கட்டிப் போருக்குள் இறக்கி, இறக்க இறக்க அது காட்டிய எண்களைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"மழ பேஞ்சா ஒரே அடியா கொட்டிட்டு ஓடிடுது சார். மண்ணுக்குள்ள ஊற டைம் இல்ல. அப்புறம் மாசக்கணக்கா மழயே கெடையாது. எல்லாரும் போர் போட்டு இழுக்கிறோம். கடலும் சூடாகி ஒசந்துகிட்டே வருது. நல்ல தண்ணி எறங்குன எடத்துல கடல் வந்து உக்காந்துக்குது."

"எப்ப மேடம் திரும்பிப் போவும்?" என்று கேட்டேன். விருந்தாளியைப் பற்றிக் கேட்பது மாதிரிதான் கேட்டேன்.

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "வந்தா லேசுல போவாது சார்," என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பலகை மேல் நின்றபோது கடல் எனக்குத் தெரிந்தது. வயலுக்கு அடியில், பனைமர வேருக்கு அடியில், தார் ரோட்டுக்கு அடியில், சத்தம் போடாமல் அது நடந்து வந்தது. அலை இல்லை, நுரை இல்லை. எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை; தூக்கம் வருவது மாதிரி ஒரு மயக்கம்தான் வந்தது. பயம் அப்புறம், என் மாப்பிள்ளையைப் பார்த்தபோது வந்தது.

3. மாப்பிள்ளை கேட்ட ஐஸ்

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன், பெயர் வேலு. சின்னப் படகு ஒன்று வைத்திருந்தான். முன்பெல்லாம் விடியலில் போய் மத்தியானத்துக்குள் கரைக்கு வந்துவிடுவான். இப்போது நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு மாறியிருந்தான்.

"கரையோரம் மீனு இல்ல மச்சான். தண்ணியில கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்குது. மீனு குளுந்த தண்ணியத் தேடி தூரமா போயிடுச்சு. நானும் பின்னாலயே போவணும். அவ்ளோ நாளு மீனு கெடாம இருக்கணும்னா ஐஸ் கெட்டியா வேணும்."

நான் பிளந்த பாரைக் காட்டினேன். ஒரு துண்டை எடுத்தான். கைச்சூட்டுக்கே அது உதிர்ந்தது.

"இது ரெண்டு நாளு தாங்குமா?"

"தாங்காது மாப்ள. கடலூர்ல வாங்கிக்கயேன்."

"அங்க விசைப்படகுக்கே பத்தல. எனக்கு எவன் குடுப்பான்?" என்றவன் சிரித்தான். "இந்த சீசனும் போச்சுன்னா படக வித்துட்டு மங்களூருக்குத்தான் மச்சான். அங்க கூலிக்கு ஆளு எடுக்குறாங்க. ஒந்தங்கச்சிய நீ பாத்துக்க."

மங்களூர் போனவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பொங்கலுக்கு வருவார்கள், பிள்ளைகள் முகம் தெரியாமல் அழும். என் தங்கைக்கு அந்த வாழ்க்கை வரக்கூடாது என்று நினைத்தேன். கெட்டி ஐஸ் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றைக்கு நான் எதையும் யோசிக்கவில்லை.

முதுநகரில் வேலை பார்த்த காலத்தில், ஹோட்டல்காரர்களுக்கு என்று கண்ணாடி ஐஸ் செய்வோம். தண்ணீர் உறையும்போது உப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, தள்ளிக்கொண்டே போகும். ஓரம் முழுக்க உறைந்த பிறகும் நடுவில் ஒரு குழித் தண்ணீர் மிச்சம் நிற்கும். உப்பெல்லாம் அதில் ஒதுங்கியிருக்கும். அந்தச் சமயம் பார்த்து டியூப் போட்டு அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை ஊற்றி மூடினால் பார் நடுவரை கெட்டியாகிவிடும். வேலை ஜாஸ்தி என்று எல்லோரும் விட்டுவிட்ட முறை அது. நான் மறுபடி எடுத்தேன். நல்ல தண்ணீருக்குத்தான் வழி இல்லை. முதலாளி டேங்கர் லாரிக்கு ஏற்பாடு செய்தார்.

4. தனலட்சுமி அம்மா வீட்டுத் தண்ணீர்

சிதம்பரம் போகிற ரோட்டில், கடல் வாடையே இல்லாத ஓர் ஊரில், தனலட்சுமி என்கிற அம்மாவின் போர்செட்டில்தான் லாரி தண்ணீர் பிடித்தது. கொஞ்சம் நெல், இரண்டு மாடு. முதல் தடவை லாரியோடு நானும் போனேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

"இந்த தண்ணியவா ஐஸு ஆக்கப் போறீங்க?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க போரு கடலப் பாக்கப் போவுதா!"

சோதித்துப் பார்க்கிற பழக்க தோஷத்தில் அவர் தண்ணீரை மட்டும் ஒரு கேனில் தனியாக உறையவைத்தேன். மறுநாள் வெளியே எடுத்தபோது ஐஸ் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. பாரின் அந்தப் பக்கம் சுவரில் தொங்கிய காலண்டரில் என்ன கிழமை என்று பாருக்குள்ளாகவே படிக்க முடிந்தது. கோவிந்தனும் நானும் மாறி மாறிக் குனிந்து படித்தோம். வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அவ்வளவு சந்தோஷமான காலை எனக்கு அந்தக் கம்பெனியில் வேறு இல்லை.

வேலுவின் படகு கெட்டி ஐஸோடு போனது, மீனோடு வந்தது. மறுபடி போனது. தங்கை என்னைப் பார்த்தால் வஞ்சிர மீன் துண்டைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். லாரியும் தினமும் போய் வந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் ஒரே பேய்மழை, ரோடெல்லாம் வெள்ளம். அதற்குப் பிறகு வானம் வாயே திறக்கவில்லை.

மாசிக் கடைசியில் தனலட்சுமி அம்மாவின் தண்ணீரை மறுபடி ஒரு கேனில் தனியாக உறையவைத்தேன். எடுத்துப் பார்த்தேன். காலண்டர் தெரியவில்லை. நடுவில் மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக ஒரு கோடு, பென்சில் கனத்துக்கு. உடைத்து அதை மட்டும் நாக்கில் வைத்தேன். கரித்தது. கோவிந்தன் தானும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தான்.

பாதிப் பாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு லாரியில் போனேன். அந்த அம்மா முதலில் குழந்தை மாதிரி ஐஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் நடுவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"குடிக்கிறப்ப ஒண்ணும் தெரியலியே," என்றார்.

"இப்பத் தெரியாதும்மா. தெரியறப்ப நெல்லு பட்டுப்போவும்."

அவர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒங்க லாரியாலயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எங்கள் லாரி மட்டும் காரணம் இல்லை. மழையும் கடலும் சுற்றியுள்ள அத்தனை போரும் சேர்ந்த காரணம் அது. ஆனால் எங்கள் லாரியும் காரணம். அப்படியே சொன்னேன். நாளையிலிருந்து வராது என்றும் சொன்னேன். முதலாளியைக் கேட்காமல்தான் சொன்னேன்.

முதலாளி குதித்தார். "கம்பெனிய மூடிட்டு நான் கோயில் வாசல்ல உக்காரவாய்யா? வேற ஊர்ல தண்ணி பாரு!" பார்க்கலாம் முதலாளி, அங்கேயும் ஒரு தனலட்சுமி இருப்பாங்க என்றேன். இரண்டு நாள் அவர் கோபமாகவே இருந்தார். அப்புறம் அவரே அந்த அரைப் பாரைப் பற்றிக் கேட்டார். நிலத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற மழை மாதங்களில் மட்டும் ஓட்டுவது, மற்ற மாதங்களில் மூடிவைப்பது என்று முடிவானது. நன்றாக வேலை செய்த மெஷினை நானே நிறுத்தியபோது எனக்கு அழுகையாக வந்தது.

5. வேலுவிடம் சொன்னது

முதலாளியைவிட வேலுவிடம் சொல்லத்தான் பயந்தேன். படகின் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை, வலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பையன், சிதம்பரத்துல படிக்கிறான்."

"நெல்லு போச்சுன்னா அவுங்க எங்க போவாங்க மச்சான்? எனக்காச்சும் மங்களூர் இருக்குது."

வைகாசியில் படகை விற்றுவிட்டுப் போய்விட்டான். ரயில் ஏற்றிவிட்டு வரும்போது தங்கை என்னை விட்டுத் தள்ளியே நடந்தாள். அவள் கோபம் நியாயம். வீட்டுக்கு வந்து நானும் அழுதேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் லாரியில் வந்தால் ஒருநாள் அந்த லாரியிலேயே ஏறிப் போய், அது கிளம்புகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வாய் குடித்துவிட்டு, கொடுத்தவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் மெஷினை எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இப்போது வேலையை விட்டுவிட்டு கடலூர் செம்மண்டலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலு மங்களூரிலிருந்து போன் பண்ணுவான். தங்கையிடமும் பிள்ளைகளிடமும் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். அவன் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எடுத்த எடுப்பில், "அந்தம்மா போரு எப்படி இருக்குது மச்சான்?" என்றுதான் கேட்பான். அவன் கேட்பான் என்பதற்காகவே மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்த அம்மா வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

"இன்னும் நல்லாத்தான் இருக்குது மாப்ள."

"அப்ப சரி," என்பான்.