படிக்கட்டாய் இறங்கிய வரிகள்

என் ஆய்வேட்டை நானே வீட்டில் அச்செடுத்துக்கொள்வேன் என்று துறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கணிதத்தில் ஆய்வு, பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். துறையில் இருந்த பழைய பிரிண்டரில் அவை எறும்பு மொய்த்த மாதிரி விழும். வெளியே டைப் அடிக்கக் கொடுத்தாலோ ஒவ்வொரு குறியையும் நானே பேனாவால் வரைந்து சேர்க்க வேண்டும். அதனால் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, முழு ஆய்வேட்டையும் அதிலேயே எழுதி முடித்தேன். திரையில் புத்தகம் போல அழகாக இருந்தது. தாளுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

தொண்ணூறுகளின் கடைசி அது. நானும் கணவரும் டவுணில், கோயில் தேர் ஓடும் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஏரலில் வங்கி வேலை. ரயில் ஜங்ஷன் பக்கத்துக் கடையில் பிரிண்டரை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். "வயர மாட்டுங்க சார், அதுபாட்டுக்கு ஓடும்" என்று கடைக்கார அண்ணாச்சி சொன்னாராம்.

மாட்டினோம். ஓடவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கட்டளையை அடித்தால், கம்ப்யூட்டர் அனுப்பிவிட்டேன் என்றது. பிரிண்டர் எதுவும் வரவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தது. வயரைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் தெரிந்தது, பிரிண்டர் செருகியிருக்கும் இடத்துக்கு லினக்ஸ் வைத்திருந்த எண் பூஜ்யம். நான் படித்த புத்தகம் பழையது. அதில் ஒன்று என்று போட்டிருந்தது. அந்த ஒற்றை இலக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

இலக்கத்தை மாற்றியதும் பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளை இழுத்தது. நான் கைதட்டிவிட்டேன். சோதனைக்கு அனுப்பிய சில வரிகள் விழுந்த தாளைப் பார்த்தால், முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கியது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. மூன்றாவது அதற்கும் தள்ளி. படித்துறையில் இறங்குவது போல வரிகள் வலப்பக்கம் இறங்கித் தாளை விட்டே போய்விட்டன. ஆய்வேட்டை அனுப்பிப் பார்த்தேன். சமன்பாடுகளுக்குப் பதிலாக எண்களும் அடைப்புக்குறிகளும் தாள் தாளாகக் கொட்டின. நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டதும் விட்ட இடத்திலிருந்து கொட்டியது.

"ஏளா, பேசாம விண்டோஸ் போட்டுருவோம். எல்லாரும் அதத்தான வச்சிருக்காங்க" என்றார் கணவர்.

"எழுதினதெல்லாம் இதுல கெடக்கு. அங்கன போனா எல்லாத்தயும் மொதல்லருந்து பாக்கணும். உங்களுக்குச் சொன்னா புரியாது."

"எனக்கு எதுதான் புரியும்னு நெனைக்க?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனித் தேரோட்டம் வந்தது. தேர் முடிந்த மறுநாள் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதன்பின் அவர் வெளியூர் போகிறார். தேருக்கு முந்தின நாள் ஜங்ஷனில் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் மையத்துக்குப் போனேன். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து அங்குலம் அங்குலமாகத் திறந்தது. தேடித் தேடி, எவரோ என் பிரிண்டரையே வைத்து அதே படிக்கட்டில் விழுந்து எழுந்து, செய்ய வேண்டியதை எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எழுந்து ஆடலாம் போல இருந்தது.

"இத ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க" என்றேன்.

"நம்ம பிரிண்டரு ரிப்பேர்லா கெடக்கு" என்றார் மையத்துக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் பேனா வாங்கி, வகுப்பில் தாள் இல்லாதபோது செய்கிற பழக்கத்தில், உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் அந்த வரிகளை எழுதிக்கொண்டேன். தேருக்காக பஸ்களைத் திருப்பி விட்டிருந்தார்கள். டவுண் நுழைவாயில் ஆர்ச்சிலிருந்து கூட்டத்தில் இடிபட்டு, ஒலிபெருக்கி இரைச்சலில், கையை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி வீடு வந்து சேர்ந்தேன். வாசல் குழாயைத் திறந்தேன். புழுதிக் காலைக் கழுவினேன். கையையும் கழுவினேன்.

முகத்தில் தண்ணீர் அடிக்கும்போதுதான் உறைத்தது. உள்ளங்கை நீலமாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கணவர் வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். "என்ன ஆச்சு? யாரும் எதும் சொன்னாங்களா?" என்று பதறினார். கையை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னதும், சிரிப்பை அடக்கியவர் என் முகத்தைப் பார்த்து அதையும் விட்டுவிட்டார். "சரி, எந்தி. மறுபடி போவோம். ஒரு பிளாப்பி எடுத்துக்கோ."

பிளாப்பி! எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே நடந்தேன்.

அன்று மாலை, பிளாப்பியில் கொண்டுவந்த அந்தப் பக்கத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் திரையைப் பார்த்து வாசித்தார், நான் தட்டினேன். வரிகள் இடது ஓரத்துக்குத் திரும்பின. சமன்பாடுகள் சமன்பாடுகளாகவே வந்தன. ஆனால் பக்கத்தின் அடியில் கடைசி வரி மட்டும் இல்லை. நம் தாளைவிட நீளம் குறைந்த அமெரிக்கத் தாளின் அளவை லினக்ஸ் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

"நம்ம ஊரு தாளு அதுக்குத் தெரியாது போல" என்றார் அவர். அதையும் மாற்றினேன்.

தேர் இழுத்த நாள் முழுவதும் தெருவில் சத்தம். நாங்கள் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் கரண்ட் போனது, தாள் சிக்கியது, ஒரு பக்கம் இரண்டு முறை வந்தது. எப்படியோ கடைசிப் பக்கமும் விழுந்தது.

மறுநாள் பேராசிரியர் தாள்கட்டை வாங்கிப் புரட்டினார். சமன்பாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"பைண்டிங்குக்கு எடம் விடலயேம்மா. தச்சா எழுத்து உள்ள போயிரும். நான் ஊருக்குப் போயிட்டு வாரதுக்குள்ள இன்னொரு பிரிண்ட் எடுத்துருங்க. வீட்டுலதான் பிரிண்டர் இருக்கே, ஒரு நிமிஷ வேலதான?"

"ஆமா சார்" என்றேன்.