பலா மரத்தில் அடிக்காத போன்

எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு மேடு. மேட்டில் ஒரு பலா மரம். அதன் அடியில் நின்றால் வரும். அதனால் கிளைக்குக் கிளை கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறோம். காலையில் கொல்லைக்கு, பயிர் வேலைக்குப் போகும்போது போனைப் பையில் போட்டு அந்தக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவோம். வீட்டுக்கு ஒரு பை. எங்கள் பை உரச்சாக்கில் தைத்தது. அடையாளத்துக்குச் சிவப்பு நாடா.

மேட்டில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி உண்டு. எந்தப் பை அடித்தாலும் அவள்தான் எடுப்பாள். "மரத்துல கீது. இரு, கூவறேன்" என்பாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பிக் கூவுவாள். அவள் குரல் எந்த மூலைக்கும் கேட்கும். அடிக்காத பையை யாரும் தொடமாட்டோம். அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி அது. சாயங்காலம் பையை எடுக்கும்போது அக்காவை ஒரு வார்த்தை கேட்போம். அடிக்கவில்லை என்றால் கெட்ட சேதி இல்லை. அப்படித்தான் பல வருஷம் இருந்தோம்.

என் மகளின் பிரசவம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

மலையில் மாசமாக இருக்கும் பெண்களை, நாள் நெருங்கினால் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொல்வார்கள். காத்திருக்க அங்கே தனி அறை உண்டு. மகளைக் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு அது முதல் பிரசவம். துணைக்கு என் மனைவி. ஆம்பிளைகள் அங்கே தங்க முடியாது. மருமகன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார். எனக்குச் சாமை அறுப்பு. மழை வந்தால் எல்லாம் போகும்.

கிளம்பும்போது நர்சம்மா என்னை நிறுத்தினார்.

"உங்க பொண்ணுக்கு ரத்தம் கம்மி. அதுவும் நெகட்டிவ். லேசுல கிடைக்காது. உங்களுக்கும் அதே ரத்தம்தான். வலி வந்ததும் கூப்புடுவேன். ரெண்டு மணி நேரத்துல நீங்க இங்க இருக்கணும்."

"சரிம்மா."

"போனை ஆஃப் பண்ணிடாதீங்க."

"பண்ண மாட்டேன்."

மகளின் அட்டையில் மேலே சிவப்புப் பேனாவால் என் நம்பரைப் பெரிதாக எழுதினார். ஒரே நம்பர்தான். என் மனைவியிடம் போன் இல்லை. ஊரார் நம்பர் எதுவும் அவளுக்கு மனப்பாடம் கிடையாது. எல்லா நம்பரும் என் சிம்மில் இருந்தன.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மருமகன் கூட வேலை செய்கிறவர் ஒருவர் லீவில் வந்திருந்தார். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஒரு பொட்டலம் கொடுத்தார். பெரிய போன். பின்னால் மூன்று கண். என் பழைய போனின் கண்ணாடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தேன். அதை மகள் சொல்லியிருப்பாள். மருமகன் அங்கே ஓவர்டைம் பார்த்து, ஏற்கெனவே யாரோ வைத்திருந்ததை வாங்கி அனுப்பியிருக்கிறார்.

பக்கத்தில் போன் ரிப்பேர் கடை. ஒரு பெண் நடத்துகிறாள். அவளிடம் கொடுத்தேன். போனை எழுப்பியதும் நமக்குத் தெரியாத ஒரு கம்பெனி முத்திரை வந்து போனது.

"இது வெளியூர் செட்டுண்ணா. அந்த ஊர்ல ஒரு கம்பெனி தன் சிம்முக்கு மட்டும்னு பூட்டி வித்தது. அப்புறம் யாரோ பூட்டை எடுத்திருக்காங்க. நம்ம சிம் போகும்."

"பூட்டு எடுத்தாச்சு இல்ல?"

"எடுத்தாச்சுண்ணா."

என் சிம்மை அதில் போட்டு, தன் போனிலிருந்து அடித்துக் காட்டினாள். நன்றாக மணி வந்தது. பழைய போனை உதிரிச் சாமானுக்கு எடுத்துக்கொண்டு, புதுசுக்குக் கண்ணாடி ஒட்டி உறையும் போட்டுத் தந்தாள். நான் எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காவலூர் திருப்பம் வரைக்கும் பஸ்ஸில் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்கு மேல் நடை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மரத்தில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு மச்சான் முறை. அவனும் பையோடு வந்தான். என் போனைப் பார்த்தான். தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே நிறம். அதே மூன்று கண். அதே பெயர். அவன் ஆலங்காயத்தில் போன வருஷம் வாங்கியது.

"இன்னா மச்சான், என்னைப் பாத்துக் காப்பி அடிச்சிட்டியா?"

"மாப்ள அனுப்பிச்சது."

"மாப்ள அனுப்பிச்சாலும் என்னுதுதான் மூத்தது. அண்ணன்னு கூப்பிடச் சொல்லு."

இரண்டு பையும் ஒரே கம்பியில் தொங்கின. கொல்லைக்குப் போனேன்.

அன்று முழுக்க அரிவாள் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். அக்கா மூன்று முறை கூவினாள். மூன்றும் வேறு வீடு. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நின்றேன். சாயங்காலம் மேட்டுக்குப் போனேன்.

"அடிச்சுதா?"

"உன் பை வாயே தொறக்கலப்பா. புதுசு இல்ல, வெக்கப்படுது."

மகளுக்கு இன்னும் வலி வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்லது என்று நினைத்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. பேசிப் பார்க்கலாம் என்றால், அந்த நேரம் நர்சம்மாவைத் தொந்தரவு செய்ய வாய் வரவில்லை. வலி வந்தால் கூப்பிடுவேன் என்று அவர்தானே சொன்னார். வராததற்கு எதைக் கேட்பது?

அடுத்த நாள் விடிகாலையிலும் மாட்டினேன். வானம் கறுத்திருந்தது. நாலு வரிசை அறுத்திருப்பேன். கண் மேட்டுப் பக்கமே போனது. சுண்டுவிரலில் அரிவாள் பட்டது. மண்ணை அப்பிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். வேலையை நடுவில் விட்டு நான் போவதில்லை. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் கூப்பிடலியே."

"தெரியும்."

அப்போது மச்சானின் பை அடித்தது. அக்கா கூவ, அவன் வந்து எடுத்து, புளி வியாபாரியோடு சிரித்துப் பேசினான். அவன் பையிலிருந்து ஒரு சாண் தள்ளி என் பை. சத்தமில்லாமல் தொங்கியது. நாடாவை அவிழ்த்துப் போனை எடுத்தேன்.

மேலே சிக்னல் கோடு இருக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

மரத்தைச் சுற்றி வந்தேன். கையை உயர்த்திப் பிடித்தேன். கிளையில் ஏறி நின்றும் பார்த்தேன். குறி போகவில்லை. காரை முள்ளை ஒடித்து சிம் இருக்கும் ஓட்டையில் குத்தினேன். தட்டு வெளியே வந்தது. வேட்டியில் துடைத்துப் போட்டேன். அதே குறி.

"டவர் போய்டுச்சா?" என்று மச்சானைக் கேட்டேன்.

"எனக்கு நாலு கோடு கீதே."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சிம்மு செத்திருக்கும். இப்டி குடு."

அவன் சிம்மை என் போனில் போட்டான். பெருக்கல் குறி. அவன் முகத்தில் சிரிப்பு போனது. என் சிம்மைத் தன் போனில் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கோடு வந்தது. இரண்டு. நாலு.

பிறகு மெசேஜ் வர ஆரம்பித்தது. டிங், டிங் என்று நிற்காமல் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மச்சான் படித்தான். ஒரே நம்பரிலிருந்து ஒன்பது அழைப்பு. முதல் அழைப்பு காலை ஆறு மணிக்கு. கடைசி அழைப்பு எட்டுக்கு. இப்போது மணி ஒன்பது தாண்டியிருந்தது.

அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

மச்சான் தன் சிம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என் போனு உங்கிட்டயே இருக்கட்டும். வண்டிய எடுக்கறேன்."

அக்கா ஆட்டை விட்டுவிட்டு எங்கள் பின்னால் சரிவு வரைக்கும் வந்தாள். "நான் காதக் குடுத்துத்தாம்பா இருந்தேன். சத்தியமா அடிக்கல" என்றாள்.

"உன் மேல தப்பில்லக்கா."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் போனையும் பிடித்திருந்தேன். இரண்டு போனும் என்னிடம். ஒன்று கையில், ஒன்று மடியில். ஒரு வளைவில் கோடு வரும். அடுத்த வளைவில் போகும். வரும் இடத்திலெல்லாம் அடித்தேன். மச்சான் வேகமாக ஓட்டினான். மழை தூற ஆரம்பித்தது. சாமை நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கமாக இருந்தது.

பாதி மலை இறங்கியபோது நர்சம்மா எடுத்தார்.

"எங்கண்ணா போனீங்க? காலையிலேந்து தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருது."

"வூட்டாண்டதாம்மா இருந்தேன்."

"எங்க இருக்கீங்க இப்ப?"

"எறங்கினு இருக்கேன். பொண்ணு எப்படிம்மா கீது?"

"சீக்கிரம் வாங்க" என்றார். வைத்துவிட்டார்.

மச்சான் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினான்.

என் மனைவி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலையில் ரத்தம். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"சாமை முக்கியமா போச்சா உனக்கு?" என்றாள்.

பதில் சொன்னால் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அது நேரமில்லை.

நர்சம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். என் விரல் காயத்தைப் பார்த்துக் கட்டுப் போட்டார். படுக்க வைத்துக் கையில் ஊசி ஏற்றினார். அப்போதுதான் சொன்னார். மகள் ராத்திரி முழுக்க வலியைச் சொல்லாமல் பொறுத்திருந்திருக்கிறாள். குழந்தை ஏழு மணிக்கே பிறந்துவிட்டது. பெண். பிறகு மகளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கும் நெகட்டிவ். அவர் ஒரு பை கொடுத்திருக்கிறார். இன்னும் ஒன்று வேண்டும்.

"அவர் மட்டும் இன்னைக்கு டூட்டியில இல்லன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

மேலே ஃபேன் சுற்றியது. பை நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாகத்தான் நிறைந்தது. விரலை மூடித் திறக்கச் சொன்னார். செய்தேன்.

அதன்பின் வராந்தாவில் மனைவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்தோம். மத்தியானம் தாண்டி டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்றார். என் மனைவி சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். பிறகு தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியை என் பக்கம் தள்ளினாள். குடித்தேன்.

மச்சானும் நானும் ஆலங்காயம் கடைக்குப் போனோம். சண்டைக்கு இல்லை. என்ன என்று தெரிந்துகொள்ள. இரண்டு போனையும் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவள் உறையைக் கழற்றி, இரண்டிலும் எதையோ திறந்து பார்த்தாள். மாடல் நம்பர் ஒன்றுதான். கடைசியில் இருந்த எழுத்து மட்டும் வேறு.

"பேரு ஒண்ணுதாண்ணா. ஆனா நாட்டுக்கு ஒரு மாதிரி செய்வாங்க. டவர் பேசறதுக்கு நாலஞ்சு அலை இருக்குது. கீழ எல்லா அலையும் வரும். அதனால எது போட்டாலும் எடுக்கும். மலையில ஒரே டவர், ஒரே அலை. அந்த அலையே இந்த செட்டுல கிடையாது. அந்த ஊர்ல தேவப்படல, வைக்கல."

"பூட்டுதான் எடுத்தாச்சே" என்றேன்.

"பூட்டு வேற, இது வேறண்ணா. கதவத் தொறந்தாலும் உள்ள சாமான் இருந்தாத்தான?" உறையைத் திரும்ப மாட்டினாள். "எந்த ஊருன்னு நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்."

என் பழைய போனைக் கேட்டேன். அதன் உள்பலகையை எடுத்து வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டாள். பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். மச்சான் தன் போனை வாங்கித் தன் சிம்மைப் போட்டான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணன் தம்பி பேச்சை அவன் எடுக்கவில்லை.

என் சிம்மை அன்றைக்கு மட்டும் மருமகன் அனுப்பிய பெரிய போனிலேயே திரும்பப் போட்டேன். ஆஸ்பத்திரியில் அதற்கு எல்லாக் கோடும் வந்தது.

சாயங்காலம் மருமகன் அதில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டார். வேலை முடிந்த உடுப்பு, தலையில் தூசி. விஷயம் பாதிதான் அவருக்குப் போயிருந்தது. குழந்தை பிறந்தது தெரியும். மற்றது தெரியாது. மகள் கட்டிலில் கண் திறந்து படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். சொல்லாதே என்கிறாள் என்று புரிந்தது.

"மாமா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப டல்லா தெரியறீங்க."

"நல்லாத்தான் இருக்கேன் மாப்ள. தூக்கமில்ல."

"போனு எப்படி இருக்குது மாமா? மேல வேல செய்யுதா? எனக்கு அதான் யோசன. கடைக்காரன் எல்லா ஊர்லயும் எடுக்கும்னான்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தேன். கையில் ஊசி ஏற்றின இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் போன் பார்க்காத பக்கமாக மறைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குது மாப்ள."

"கேமரா பாத்தீங்களா?"

"இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மனைவி வந்து கூடப் பிடித்தாள். அந்தப் பக்கம் மருமகன் தலைத் தூசியைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். படம் தெளிவாகத்தான் இருந்தது.