தகரம் குடித்தவர்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், காஜா பேராங் வட்டாரத்துக் கிளினிக் ஒன்றில் நான் படிவம் எழுதும் கிராணியாக இருந்தேன். பக்கத்துத் தெங்கேராவில் ஒரு பட்டறையில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வெல்டிங் செய்கிற ஒருவர் மூச்சிரைக்க வந்து என் மேசை முன் உட்கார்ந்தார். புருவம் பாதி பொசுங்கியிருந்தது. இருமல் வரும்போதெல்லாம், குறுக்கே யாரும் பேசிவிடாதபடி கையை உயர்த்துவார். அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

படிவத்தைப் பார்த்து, “சிகரெட் குடிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“சிகரெட்டா? தொட்டதே இல்ல. பத்து வருசமா தகரம் குடிக்கிறேன். அத எழுதுங்க கிராணி.”

“அதுக்கு இதுல எடமில்லண்ணே. ஆமா, இல்ல, ரெண்டுதான்.”

“தகரத்த ஒட்டுறப்ப வெள்ளையா கெளம்புதே, அந்தப் புகை...” கை உயர்ந்தது. காத்திருந்தேன். “புகை பூரா என் நெஞ்சுக்குள்ள கெடக்கு. அங்க எடமிருக்கு, உங்க தாள்ல இல்லியா?”

என் பேனாவைப் பிடுங்கி, கட்டத்துக்கு வெளியே தமிழில் பெரிதாக எழுதினார்: தகரப் புகை.

படிவத்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. “இந்தக் கிறுக்கல் வேண்டாம், வேறு தாளில் எழுது” என்று எனக்கு உத்தரவிட்டார்.

டாக்டர் மேலே பேசாதபடி என் கை உயர்ந்தது. எனக்கு இருமல் ஏதும் இல்லை.