எஞ்சின் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

மலைப் பள்ளிக்கு டீச்சர்களை ஏற்றிச் செல்லும் அந்த ஜீப் டிரைவருக்கு ஸ்டாண்டில் 'இறுக்கி' என்று பெயர். அவர் மூடிய பாட்டிலை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. கழன்று விழுவதைவிட இறுகிக் கிடப்பதே மேல் என்பது அவர் கட்சி.

போன மாதம் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்கள் பாறைத் தடத்தில் கிழிந்துபோயின. வண்டியோடு வந்த ரகம் மென்மை என்று சொல்லி, வெளியே கல்லு மாதிரி கெட்டியானதைத் தேடி வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். "இனி நம்ம காலத்துக்கும் அசையாது!" என்றார்.

எஞ்சின் அசையவில்லைதான். அதற்கும் சேர்த்து ஜீப் ஆடியது. தலைமை ஆசிரியை வழியிலேயே நோட்டு திருத்துகிறவர். அவர் போட்ட குறியெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்தன. "இது சரியா, தப்பா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளையின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார்.

"மாமா, தின்னது செரிக்க நான் நடக்கவே வேணாம். உங்க வண்டில உக்காந்தாலே போதும்" என்றாள் கணக்கு டீச்சர். டிரைவருடைய கொழுந்தியாள்தான், வாய்க்குப் பூட்டு கிடையாது.

வெள்ளிக்கிழமை இறங்கும்போது தலைமை ஆசிரியை நின்றார். "திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா வேற ஜீப் பேசிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

பதினான்கு வருஷ ஓட்டம்.

சனிக்கிழமை சீட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தார், தரையில் மேட் ஒட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று மவுண்ட் போல்ட்டுகளை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். ஆட்டம் கூடியது.

ஞாயிறு காலை தையல்காரி மனைவியைக் கழுத்தில் தொங்கும் டேப்போடு டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு அடியில் புகுந்தார்.

"இன்னும் ஆடுதா?"

"பல்லு தந்தி அடிக்குது."

"இரு, இன்னொரு சுத்து இறுக்கறேன்."

"மொதல்ல வெளிய வாங்க" என்று எஞ்சினை அணைத்தாள். "இத மாட்டும்போது எஞ்சின் எங்க இருந்துச்சு?"

"ஜாக்கில தூக்கி நிறுத்தியிருந்தேன்."

"அந்தரத்துல இருக்கும்போதே முடுக்கிட்டீங்களா?"

"பின்ன?"

"நான் சட்டை தைச்சா மொதல்ல லேசா இழைதான் ஓட்டுவேன். போட்டு, உக்காந்து, கையத் தூக்கிப் பாக்கச் சொல்லிட்டு அப்புறந்தான் அழுத்தமாத் தையல் போடுவேன். இல்லன்னா அக்குள்ல கடிக்கும். நீங்க எஞ்சின உக்காரவே விடாம தைச்சுப்புட்டீங்க!"

அவர் ஸ்பேனரோடு மறுபடி அடியில் புகுந்தார்.

மவுண்ட் நட்டுகள் எல்லாவற்றையும் முழுசாகக் கழற்றாமல் தளர்த்தினார். தளர்ந்த நட்டோடு வண்டியை ஸ்டார்ட் செய்வது அவர் ஆயுளில் இதுதான் முதல் தடவை. எஞ்சின் இப்படியும் அப்படியும் குலுங்கியது, பஸ்ஸில் இடம் பிடித்தவர் நெளிந்து சரிப்படுத்திக்கொள்வதுபோல லேசாக இடப்பக்கம் சரிந்தது, அடங்கியது. அணைத்துவிட்டு அந்த நிலையிலேயே முடுக்கினார்.

"போதும்" என்றாள் அவள்.

"இன்னும் ஒரு கால் சுத்து..."

"போதும்னா போதும்."

மறுபடி ஸ்டார்ட் செய்தார். மெல்லிய முனகல் மட்டும் மிச்சம். கெட்டி ரப்பரிடம் அதற்குமேல் கேட்க முடியாது.

திங்கட்கிழமை முதல் வளைவு தாண்டியும் பின்னால் ஒரு பேச்சில்லை. கோபமோ என்று நினைத்தார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஐந்து டீச்சர்களும் தூக்கம்! கணக்கு டீச்சரின் தோளில் தலைமை ஆசிரியை, வாய் பிளந்தபடி. அவர்கள் விழித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஏற்றி இறக்கினார்.

பள்ளி வாசலுக்கு வந்தபோது மணி அடித்துப் பத்து நிமிஷம்.

தலைமை ஆசிரியை திடுக்கிட்டு எழுந்தார். "அய்யோ, எழுப்பக் கூடாதா?"

"மனசு வரல டீச்சர்."

அவர் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு இறங்கினார். "நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க. இதே மாதிரி மெதுவாவே ஓட்டுங்க."