அவன் பெயரில் ஒரு கோட்டை

இறந்துபோன நண்பனுடைய பெயரில் நான் ஏழு மாதம் வீடியோ கேம் விளையாடினேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற முப்பத்தாறு வயது ஆள் கைப்பேசியில் கோட்டை காத்துக்கொண்டிருந்தேன் என்பதே பாதி அவமானம். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனும் நானும் திண்டுக்கல்லில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பையன். நான் மாதா கோயில் மணிக்கு எழுந்திருக்கிற வீட்டுப் பையன். எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு சினிமா இயக்குநர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நானே அந்தக் கூட்டத்தில் இருந்து பலபேரைச் சும்மா விடாதவன் என்பதால் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் எடுத்த ஒரு படத்தில் வறண்ட காட்டுக்கு நடுவே ஒரு கோட்டை. அதைக் காக்க முப்பது பேர். எதிரி வரும்போதும், போன ஆள் திரும்பி வரும்போதும் வாசல் மாடத்தில் ஒருவன் கொம்பு ஊதுவான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அந்தப் படத்தைப் பதினோரு முறை பார்த்தோம். பன்னிரண்டாவது முறை போனபோது படத்தை மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு படத்துக்கு நாலு வருஷம். நடுவில் பிறந்தநாளுக்கு ஒரு போஸ்டர், அதோடு மூச்சு விடமாட்டார். கோட்டைக் கதையின் இரண்டாம் பாகம் எப்போது என்று பேட்டியில் கேட்டால் கதை இன்னும் கனியவில்லை என்பார். கனிவதற்கு அது என்ன சப்போட்டாவா என்று நான் எரிந்து விழுவேன். அவனுக்குக் கோபமே வராது.

"ஏலே, பெரிய மனுசன் யோசிக்கிறாரு. ஒனக்கு என்ன அம்புட்டு அவசரம்? டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டா நிக்கிற?" என்பான்.

ஒரு பிறந்தநாளில் போஸ்டருக்குப் பதிலாக அறிவிப்பு வந்தது. அந்தப் படத்தை வீடியோ கேமாக விடுகிறார்கள். கோட்டையை நூறாவது கட்டம்வரை கொண்டுபோய், படம் வெளியாகும் நாள்வரை விழாமல் காக்கிறவர்களின் பெயர் இரண்டாம் பாகத்தின் கடைசியில் திரையில் வரும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவன் வண்டியில் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான். மண்டியிலிருந்து அப்படியே வந்திருந்தான், சட்டையெல்லாம் உப்பு.

"மாப்ள, நம்மாளு படத்துல நம்ம பேரு!" என்று என் மாணவர்களுக்கு முன்னாலேயே கத்தினான்.

கேம் படுமோசம். குதிரை சுவருக்குள் பாதி புகுந்து அப்படியே நிற்கும். நாயகனின் மீசை அவன் முகத்துக்குப் பக்கத்தில் தனியாக மிதக்கும். ஒரு சண்டை ஜெயித்தால் உடனே சோப்பு விளம்பரம் வரும். மூன்று நாள் யாரும் வந்து வாசலைத் திறக்கவில்லை என்றால் கோட்டை விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். வேலைவெட்டி உள்ள மனிதன் தனியாகச் சமாளிக்கிற காரியமில்லை. அதனால் இரண்டு பேரும் ஒரே ஐடியில் விளையாடுவது என்று முடிவு செய்தோம். யார் பெயரில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அவன் பெயர் வந்தது.

"படத்துல எம் பேரு வரட்டும், பக்கத்து சீட்டுல நீ ஒக்காரு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

பகலெல்லாம் அவன் முறை. உப்புப் போட்டு அடுக்கிய தோல்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் விளையாடுவான். சாயங்காலம் என் முறை. எங்களில் யார் ஐடியைத் திறந்தாலும் இரண்டு கைப்பேசியிலும் கொம்பு ஊதும். அதை நிறுத்த வழியே வைக்கவில்லை. மண்டியில் அவன் பையிலிருந்து கொம்புச் சத்தம் வந்தால் நான் உள்ளே வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் உட்கார்ந்து விளையாடும்போது அவனுடைய அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

"காதக் கொடயுதுடா, அத அமுத்து!"

"கொம்பு ஊதுனா ஒம் மவன் கோட்டைக்குள்ள பத்தரமா வந்துட்டான்னு அர்த்தம்மா. சந்தோசப்படுவியா, வையுற!"

அறுபத்தோராவது கட்டத்தில் இருந்தோம். ஒரு திங்கட்கிழமை செம்பட்டிக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பியவன் மேல் லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். மறுநாள் சந்தூக்கில் வைத்து அவனைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். தோள் மாற்றிக்கொள்ள யாரோ வந்தார்கள், நான் விடவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லார் மேலும் கோபமாக வந்தது. லாரிக்காரன் மேல், சாலை மேல், அந்த வெயிலில் வண்டியில் போன அவன் மேலும்.

வியாழக்கிழமை விடிகாலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது திடீரென்று ஞாபகம் வந்தது. அவன் கடைசியாக வாசலைத் திறந்து மூன்று நாள் முடியப்போகிறது. கோட்டை விழுந்துவிடும். உடனே கேமைத் திறந்தேன். அவன் விட்டுப்போன இடத்தில் அப்படியே இருந்தது. குதிரையை வாசலுக்கு வெளியே கட்டியிருந்தான். செம்பட்டிக்குக் கிளம்பும் முன்பு அவசரத்தில் உள்ளே கொண்டுபோகாமல் விட்டிருக்க வேண்டும். அந்தக் குதிரை ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அழுதேன். அழுதுகொண்டே அதை உள்ளே கொண்டுபோய்க் கட்டினேன்.

அப்போதே ஒரு தீர்மானம் வந்துவிட்டது. அவன் பெயர் திரையில் வர வேண்டும். உயிரோடு இருக்கிற நான் அவனுக்குச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை. மறுநாளிலிருந்து அவனுடைய பகல் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து ஒரு கையால் சோறும் ஒரு கையால் சண்டையுமாக இருப்பேன். சாயங்காலம் மறுபடி ஒரு தடவை. ஒரு நாள் தவறவில்லை.

நாற்பது நாள் கழிந்து அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா அவனுடைய சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கைப்பேசி மட்டும் இருக்கிறது, வியாபாரிகள் யாராவது விஷயம் தெரியாமல் கூப்பிடுகிறார்கள், அதனால் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். டீ போடப் போனார். பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்குப் பழக்கதோஷத்தில் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. கேமைத் திறந்தேன்.

அவனுடைய அறையிலிருந்து கொம்பு ஊதியது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் கட்டிலில் சாய்ந்தபடி காலை ஆட்டிக்கொண்டிருப்பான் என்று ஒரு நொடி நிஜமாகவே நம்பினேன். அடுத்த நொடி என் கையிலிருப்பது என்ன என்று புரிந்தது. கைப்பேசியைத் தொடைக்கு அடியில் ஒளித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு வேறு டீ போட்டுத் தந்தார். "வாரேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான்தான்மா, மன்னிச்சுருங்க என்று இரண்டு வார்த்தை. சொல்லாததற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. சொன்னால் விளையாட்டை நிறுத்த வேண்டியிருக்கும், நிறுத்தினால் மூன்றாம் நாள் அவன் பெயர் போய்விடும். இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அதன் பிறகு ஒவ்வொரு முறை வாசலைத் திறக்கும்போதும் பேகம்பூரில் ஒரு வீட்டுக்குள் அது ஊதுவது எனக்குக் கேட்டது. ஒரு தாய் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பது தெரிந்தது. பேய் என்று ஒன்று இருந்தால் அது நான்தான். தெரிந்தும் தினம் இரண்டு வேளை அந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

நூறாவது கட்டத்தைத் தாண்டினேன். வாழ்த்துகள் என்று அவன் பெயரைப் போட்டுப் பொன்னெழுத்தில் காட்டினார்கள். பார்க்க ஆளில்லை. அதற்குப் பிறகு நம்முடைய இயக்குநர் தன் வழக்கத்தைக் காட்டினார். படத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார். நான் அவருடைய முகநூல் பக்கத்தில் போய்க் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அவருடைய ரசிகர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். உண்மையான ரசிகன் காத்திருப்பான் என்றார்கள். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஒருவழியாகப் படம் வந்தது. லீவு போட்டுவிட்டுக் காலைக் காட்சிக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மணி நேரமும் அது எப்போது முடியும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் காட்சி முடிந்து கறுப்புத் திரையில் முதல் பெயர் எழும்பியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்தார்கள். திரை வெள்ளையாகிவிட்டது. எங்கள் ஊர்த் தியேட்டர்களில் பெயர் ஓடவிடுகிற வழக்கமே கிடையாது. அடுத்த காட்சிக்குப் பெருக்க வேண்டும். இருபது வருஷமாக இதே ஊரில் படம் பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பெயர் வரும் என்று கோட்டை கட்டினோம், அதைக் காட்ட மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டோம்.

படிக்கட்டு ஏறிப் போய் ஆபரேட்டரிடம் கெஞ்சினேன். "அண்ணே, மதியக் காட்சியில பேரு முழுசா ஓடட்டும்ணே. என் சேக்காளி பேரு வருது."

"பேரு பாக்க டிக்கெட் எடுக்குற மொத ஆளு நீங்கதான் சார்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி, வாங்க. ஓட்டுறேன்."

சொன்னபடி ஓட்டினார். கூட்டமெல்லாம் போன பிறகு காலியான சீட்டுகளுக்கு நடுவே நான் நின்றுகொண்டு பார்த்தேன். தச்சு வேலை, சாப்பாடு, குதிரைப் பராமரிப்பு, கார் ஓட்டுநர்கள் எல்லோருடைய பெயரும் போனது. கடைசியில் ஒரு வரி வந்தது. எங்கள் கோட்டையைக் காத்த அனைவருக்கும் நன்றி. அவ்வளவுதான். அவன் பெயர் இல்லை. யாருடைய பெயரும் இல்லை.

தியேட்டர் வாசலிலேயே நின்று கேமை அழித்தேன். ரசிகர்கள் நாலு நாள் கொதித்தார்கள், ஏமாற்றிவிட்டார் என்று எழுதினார்கள். ஐந்தாம் நாள் மூன்றாம் பாகம் எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. மதிய மணி அடித்தால் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள் மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. திரையில் அவன் பெயர். அவனும் நானும் தியேட்டர் முன்னால் எடுத்துக்கொண்ட படம். பக்கத்தில் இருந்த தமிழாசிரியர், எடுங்க சார் என்று சொல்கிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பு, நான் அவன் அம்மா பேசுறேன். ஒடம்பு கிடம்பு சொகமில்லையா?"

"நல்லாத்தான்மா இருக்கேன். ஏம்மா?"

"இல்ல, எட்டு நாளா கொம்பு ஊதல. ஒனக்கும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"நான்தான்னு எப்பம்மா தெரியும்?"

"மொத வெள்ளிக்கெழமையே தெரியும். ஜும்ஆ தொழுகை நேரத்துல ஊதுச்சு. எம் புள்ள அந்நேரத்துக்குப் போனத் தொட மாட்டானே. வீட்டுல வச்சுட்டுல்ல பள்ளிவாசலுக்குப் போவான்."

இருபத்தோரு வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் அவன் எங்கே இருப்பான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். எனக்குப் பள்ளிக்கூடத்து மணி மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஏழு மாதம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அவன் இல்லை என்று அந்த அம்மாவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சுருங்கம்மா. படத்துல அவன் பேரு வரும்னு நெனச்சு செஞ்சேன். வரல. இனிமே தொறக்க மாட்டேன்."



"படத்துல வந்தா என்ன, வராட்டி என்ன. வெள்ளிக்கெழம மட்டும் அந்த ஒரு மணி நேரம் தொறக்காத அப்பு" என்றார். "மத்த நேரமெல்லாம் எனக்கு அது அவன்தான்."