கடலில் முக்கி எடுத்த வைத்தியம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம் அது. மழையால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றிருந்தது. நான் தையல் வேலைக்காகப் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூனிமேடு வரும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது.

வீடியோவில் என் அண்ணன். இரண்டு ஆட்கள் அவரைக் கக்கத்தில் கைகொடுத்து அலைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அண்ணன் அலறினார். தலையைப் பிடித்துத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் முக்கினார்கள். "இனிமே குடிக்க மாட்டேன்னு கடலம்மா மேல சத்தியம் பண்ணு" என்று ஒரு குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குக் கீழே எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

எங்கள் குப்பத்தில் குடியை விடுகிறவன் கடலில் மூழ்கி எழுந்து சத்தியம் செய்வது வழக்கம்தான். அண்ணனைச் சேர்த்திருந்த போதை மறுவாழ்வு மையத்தில் அதையே வைத்தியம் என்று பெயர் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஊர் வழக்கம் ஆயிற்றே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த மையத்தை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் என் அண்ணனைக் கடலில் இறக்கலாமா? அவரும் என் கணவரும் ஒரே ஃபைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள். ஒருநாள் அலையில் போட் கவிழ்ந்தது. அண்ணன் மட்டும் கரைக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் கடல் பக்கமே போகவில்லை. உப்பளத்தில் கூலிக்குப் போனார். பாத்தியில் கணுக்கால் அளவுக்கு நிற்கிற தண்ணீர்தான் அவரால் தாங்க முடிந்த தண்ணீர். குடி ஆரம்பித்ததும் அப்போதுதான். இது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் கைகூப்பியிருந்தார்கள்.

கூனிமேட்டிலேயே இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து மையத்துக்குப் போனேன். அங்கே அண்ணனை ஒரு கட்டிலோடு துண்டால் கட்டிப் போட்டிருந்தார்கள். உடுத்தியிருந்த லுங்கி இன்னும் ஈரமாகவே இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மையத்தை நடத்துகிறவர் எங்கள் பக்கத்து ஆள்தான். முன்பு குடித்து, இப்போது விட்டவராம். "கட்டாம என்னாம்மா பண்றது? எங்க ஆளு கையக் கடிச்சிட்டான். கடலோரம் பொறந்தவனுக்குக் கடலு பயம்னா யாரு நம்புவா? எல்லாம் நடிப்பு" என்றார்.

"எம் புருசன் அந்தக் கடல்ல செத்தாருங்க. கூட இருந்தது இவுருதான். சேர்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"குடிகாரனக் கேட்டா ஆயிரம் கதை சொல்லுவாம்மா" என்றார். ஒரு ஆளை ஆட்டை இழுப்பது போல இழுத்துப் போய் முக்கிவிட்டு, அதைப் படம் வேறு எடுத்து அனுப்பியவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள். என் போனைத் தூக்கிக் காட்டினேன். "கதை எல்லாம் இதுலயே இருக்குது. இப்ப அவுத்து விடுறீங்களா, இதோட ஸ்டேஷனுக்குப் போவட்டுமா?" அவர் முகம் செத்துப்போனது. அவிழ்த்துவிட்டார்கள்.

அன்றே அண்ணனைப் பாண்டிச்சேரியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உடம்பெல்லாம் அவருக்கு உதறிக்கொண்டிருந்தது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம், மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று அங்கே இருந்த பெண் டாக்டர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. மையத்தில் மருந்து என்று ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

அந்த டாக்டர், "அண்ணா, கையத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். கதவு திறந்தே இருக்கட்டுமா, தங்கச்சி உள்ளே இருக்கலாமா என்று ஒவ்வொன்றையும் அண்ணனிடமே கேட்டார். எவ்வளவு குடிப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டவர், பிறகு, "குடிக்காத அன்னைக்குத் தூங்குனா என்ன ஆவும்ணா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கண்ண மூடுனா மச்சான் கை தெரியுதுங்க. புடிச்சிக்கினுதான் இருந்தேன். மரத்துப் போயி விட்டுட்டேன். தங்கச்சிகிட்ட இத எப்படிங்க சொல்லுவேன்?"

அத்தனை வருடமும் ஒரே வீட்டில் நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

அண்ணன் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நான் கதை விடப் போவதில்லை. இடையில் தவறிக் குடித்ததும் உண்டு. அப்போதும் அந்த டாக்டர் திட்டாமல், என்ன நடந்தது என்று கேட்டு மறுபடி ஆரம்பித்தார். இப்போது பல மாதங்களாகக் குடிக்கவில்லை, தூங்குகிறார்.

கணவனைக் கொண்டுபோன கடல் மீது எனக்குக் கோபமில்லை, கை தளர்ந்த அண்ணன் மீதும் இல்லை. ஆனால் அவர் அலறியதைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் மீதுள்ள கோபம் மட்டும் ஆறவே இல்லை, அது ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.