ஒரு கை அவருடையது

புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து, முதுகில் பிளேடை வைத்து, தையல் பிரிக்கிற அதே லாவகத்தோடு ஓர் இழுப்பு. அறுநூறு பக்க நாவல் ஐந்து துண்டாகிவிடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நாலு தையல், மேலே பழைய காலண்டர் தாளில் அட்டை. "பாவம்மா, புத்தகத்தைப் போய் இப்படிப் பண்றியே!" என்று மகள் அலறுவாள். "துணியை வெட்டாம சட்டை தைக்க முடியுமாடி?" என்பார் டெய்லரக்கா.

வேறு வழியும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நான்கு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசியோடு டயாலிசிஸ் கட்டிலில் கிடக்க வேண்டும். அந்தக் கையை அசைத்தால் இயந்திரம் கத்தி ஊரைக் கூட்டிவிடும். மிச்சமிருக்கும் ஒரு கையில் தடி நாவலைத் தூக்கிப் பிடித்தால் பத்தாவது நிமிடம் மூக்கின்மேல் விழும். விழுந்தும் இருக்கிறது.

படித்து முடித்த துண்டு வலப்பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். அங்கே ஒரு லாரி டிரைவர். அவருக்கு ஊசி வலது கையில், படிப்பது இடது கையில், எப்போதும் ஒரு துண்டு பின்னால்.

"அக்கா, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பினாளா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"மூச்! வியாழக்கிழமை வந்து படிச்சுக்க."

டிரைவரின் மனைவி ஒருநாள் வராந்தாவில் டெய்லரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் டிமிக்கி குடுத்துடுவாருக்கா. போதும், என்னை விட்டுடுன்னுவாரு. இப்ப மீதிக் கதைக்காகவாவது கிளம்பிடறாரு." டெய்லரக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, கதை விறுவிறுப்பாகி நிற்கிற இடமாகப் பார்த்தே பிளேடை வைத்தார்.

போன மாதம், புத்தகக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு குட்டிப் புத்தகத்தோடு வந்தாள். உள்ளங்கை அகலம், வெங்காயத் தோல் மாதிரித் தாள், பக்கத்தை மேல்நோக்கிப் புரட்ட வேண்டும். முழு நாவலும் அதற்குள் அடக்கம். கடையில் ஒருத்தர் "இது புத்தகமா, சோப்புக் கட்டியா?" என்றாராம். இன்னொருத்தர் பூதக்கண்ணாடி இலவசமா என்று கேட்டாராம். "உன் கருத்து என்னம்மா?" என்றாள் மகள்.

"ஊசியில நூல் கோக்கிற கண்ணுடி இது, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. கட்டைவிரலாலயே புரட்டலாம். இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்!"

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் வலப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இன்னிக்குத் துண்டு இல்லையாக்கா?"

"இதை வெட்ட மனசு வரலை தம்பி. முடிச்சிட்டு முழுசா தரேன்."

"ஆகட்டும்க்கா. எனக்கென்ன அவசரம்." அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டெய்லரக்கா பக்கம் புரட்டினார்.

வியாழக்கிழமை அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது. "லாரி ஏதாவது ரிப்பேரா இருக்கும்" என்று டெய்லரக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிரைவர் லாரியை விற்று இரண்டு வருடம் ஆகிறது என்பது அவருக்கே தெரியும். அன்றைக்கு ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

சனிக்கிழமை டிரைவரை மனைவி தாங்கிப் பிடித்து அழைத்துவந்தாள். முகம் வீங்கியிருந்தது, நாலு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி ஏற்றிவிட்டுப் போனார்.

"ஏன் தம்பி வரலை?"

"ஒண்ணுமில்லக்கா. வந்து மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு தோணிச்சு."

அடி பாவி, இத்தனூண்டு புத்தகத்தில் மனுஷனையே மறந்துவிட்டாயே என்று டெய்லரக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒற்றைக் கையால் பைக்குள் துழாவிப் பிளேடை எடுத்தார். படித்த இடம் வரை புத்தகத்தை விரித்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நீட்டினார்.

"பிடி."

"ஐயையோ, புதுசுக்கா! வேணாம்."

"வாயை மூடிக்கிட்டுப் பிடி. எனக்கு இருக்கிறது ஒரு கைதான்."

டிரைவர் இடது கையை நீட்டி, புத்தகத்தைக் கட்டில் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். டெய்லரக்கா அதன் முதுகில் பிளேடை வைத்து இழுத்தார்.